தங்கம் அளந்த பால்

குழந்தைகளைப் பற்றி எல்லாம் தெரிந்தவளாக நான் ஒரே ஒரு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். ஆசிரியப் பயிற்சிப் பள்ளியில் படித்த வருஷம் அது. வயது பத்தொன்பது. (பிறகு மூன்று பெற்று வளர்த்தேன், தெரிந்ததெல்லாம் போய்விட்டது.)

சுதந்திரம் வந்து ஆறேழு வருஷம் ஆகியிருக்கும். சுசீந்திரத்திலிருந்து நாகர்கோவிலுக்குப் பஸ்ஸில் போய்ப் படித்தேன். குழந்தையின் அறிவும் மனமும் படிப்படியாக வளர்வது பற்றி ஒரு பாடம் இருந்தது. நாலு வயதுக் குழந்தை கண்ணுக்குத் தெரிவதைத்தான் நம்புமாம். கிண்ணத்துப் பாலை உயரமான தம்ளருக்கு மாற்றினால், பால் கூடிவிட்டது என்று சொல்லுமாம். அந்த வயதில் எதையும் தானே செய்து பார்க்கத் துடிக்குமாம். தடுத்தால் மனம் சுருங்கிவிடுமாம். வீட்டில் யாராவது குழந்தையை அதட்டினால் போதும், நான் வகுப்பெடுக்க ஆரம்பித்துவிடுவேன்.

"ஏட்டி, முதல்ல உலையப் பாரு" என்பாள் அம்மா.

செய்முறைத் தேர்வில் ஒரு குழந்தையைக் கொண்டுவந்து இதை நிரூபிக்க வேண்டும். தேறாவிட்டால் இன்னொரு வருஷம். அப்பாவோ என்னை ஊர் முழுக்க டீச்சராக்கி முடித்திருந்தார். அக்கா மகள் வள்ளியை வைத்து மூன்று முறை ஒத்திகை பார்த்தேன். மூன்று முறையும் தம்ளரைத்தான் தொட்டாள். தேர்வன்று காலையில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி. கன்னம் இரண்டும் பனங்காய்.

அந்த நேரத்தில் பால் ஊற்ற வந்தாள் செல்லம்மா, நாலு வயது மகள் தங்கத்தோடு. கெஞ்சிக் கேட்டுத் தங்கத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன். பால்காரி வீட்டுப் பிள்ளை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை.

தேர்வு அதிகாரி வெள்ளை வேட்டியில் பளபளவென்று உட்கார்ந்திருந்தார். இரண்டு கிண்ணங்களில் சமமாகப் பால் விட்டேன். ஒன்றைத் தம்ளருக்கு மாற்றினேன்.

"தங்கம், இப்பம் எதுல பால் கூட இருக்கு?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"நல்லாப் பாரு மக்கா. தம்ளர்ல எவ்வளவு உசரமா இருக்கு!"

"உசரமானா என்ன? நீங்கதான அதுலேருந்து இதுல விட்டிய?"

அதிகாரி பேனாவை மூடினார். தம்ளரை அவள் மூக்கு வரை கொண்டுபோனேன்.

"இதுல கூட இல்லியா?"

தங்கம் என்னை விட்டுவிட்டு அதிகாரியிடம் திரும்பினாள். "மாமா, இந்த அக்காவுக்கு அளக்கத் தெரியல்ல. பால் கூடணும்னா வெள்ளம் விடணும். எங்கம்மை அப்பிடித்தான் செய்வா."

சொன்னதோடு நிற்கவில்லை. மேஜையிலிருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கினாள். நான் பாய்ந்தேன், தடுக்கக் கூடாது என்ற பாடம் ஞாபகம் வந்து பாதியில் நின்றேன். செம்பு, தம்ளர், கிண்ணம் எல்லாம் அதிகாரியின் மடியில் கவிழ்ந்தன.

"இது எத்தனாவது படிம்மா?" என்றார் அவர், வேட்டியைப் பிழிந்தபடி.

நான் அழுதுவிட்டேன். அவர் ஈர வேட்டியை உதறிவிட்டு, "அவ எப்படிச் சரியாச் சொன்னா?" என்று கேட்டார்.

"தினமும் பால் அளக்கிறதப் பாத்து வளர்ற பிள்ளை சார்" என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

"அதை எழுதிக் குடு. புத்தகத்துல இல்லாததா ஒண்ணாவது எழுதினியே!"

மயிரிழையில் தேறினேன். ஆனால் தங்கத்தின் சாட்சியம், முந்தின பஸ்ஸில் போன உடன் படித்தவர்கள் வாய்வழியாக, எனக்கு முன்பே சுசீந்திரம் போய்ச் சேர்ந்திருந்தது. "மக்களே, நீ படிக்கப் போனியா, எம் பொழப்பக் கெடுக்கப் போனியா?" என்று செல்லம்மா வாசலில் நின்று கத்தினாள். ஒரு மாதம் எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கடுங்காப்பிதான்.

இன்றைக்கும் காப்பி நீர்த்துப் போனால் என் கணவர் குறை சொல்வதில்லை. ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கும் பரீட்சை வச்சியா?" என்று மட்டும் கேட்பார்.