துரூஸ் பெண்கள் அறையில் இருநூற்றுப் பதினொரு ஓட்டு

அயின் ஷம்ரா,
ஜூன் 4, 1998

மொன்ட்ரியல் பனியிலும் மூட்டுவலி இல்லாமல் நடமாடிக்கொண்டிருக்கும் என் அருமைத் தம்பி ரஷீதுக்கு, ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியாரும் பத்து நாளாக ஊர் மன்ற உறுப்பினருமான உன் அண்ணன் அதீப் ஷாஹீன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அண்ணி மர்செலும் சுகம். உங்கள் அனைவரின் சுகத்துக்கும் மாதாவை வேண்டிக்கொண்டு விஷயத்துக்கு வருகிறேன்.

அப்பா வீட்டில் உன் பாதியை வாங்க பெய்ரூத்தில் ஒருவன் காத்திருப்பதாகவும், தேர்தல் நல்லபடி நடந்தால் ஊருக்குத் திரும்புவாய், இல்லையென்றால் மாதக் கடைசியில் விற்றுவிடுவாய் என்றும் எழுதியிருந்தாய். தேர்தல் மிகச் சிறப்பாக நடந்தது. விற்காதே. நடந்ததை விவரமாக எழுதுகிறேன். படித்த பிறகும் சந்தேகம் இருந்தால் மறுபடி முதலிலிருந்து படி.

நம் ஊர் மன்றத்துக்கு முப்பத்தைந்து வருஷமாகத் தேர்தல் இல்லை. உள்நாட்டுச் சண்டை முடியத் தாயிஃபில் சமாதானக் கையெழுத்துப் போட்டு ஒன்பது வருஷம், மாரோனியக் கிறிஸ்தவர்களாகிய நாம் ஊர் திரும்பி நாலு வருஷம் ஆனபிறகு இப்போதுதான் வந்தது. வம்பு வராமல் நடத்தவேண்டும் என்று துரூஸ் மதத்துக்காரர்கள் தரப்பில் ரொட்டிக்கடை அபூ நாஜியும் நம் தரப்பில் நானும் அவர் அடுப்புக்குப் பக்கத்தில் பதினொரு நாள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்து ஓர் உடன்படிக்கை செய்தோம். மொத்தம் பன்னிரண்டு இடம். ஆறு அவர்களுக்கு, ஆறு நமக்கு, தலைவர் அவர்கள் ஆள், துணைத்தலைவர் நம் ஆள், அதாவது நான். பன்னிரண்டு பெயரையும் ஒரே சீட்டில் அச்சடித்து இரண்டு தரப்புக்கும் கொடுப்பது, சட்டப்படி வேண்டாத பெயரை அடித்து வேறு பெயர் எழுதலாம் என்றாலும், யாரும் யார் பெயரையும் அடிக்கக் கூடாது என்று சத்தியம். அபூ நாஜி, "மேல எங்க ஆறு பேரு, கீழ உங்க ஆறு பேரு, நடுவுல ஒரு கோடு. பாக்க சுத்தமா இருக்கும் வாத்தியாரே" என்றார். "அந்தக் கோட்டுக்கு ரெண்டு பக்கமும் நின்னுதானே சுட்டுக்கிட்டோம். கோடே வேணாம், எழுத்து வரிசையில போடுங்க" என்றேன். எழுத்து வரிசையில் என் பெயர் முதலில் வந்தது முற்றிலும் தற்செயல். இரண்டாவதாக வந்த என் மைத்துனன் பூத்ரோஸ் இதை நம்பவில்லை. துணைத்தலைவர் பதவி அவனுக்கு வேண்டும். நான் தலைவர் பதவியை எள்ளு ரொட்டிக்கு விற்றுவிட்டதாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

தேர்தலுக்கு முந்தின நாள் கடையில் பென்சில் தீர்ந்துபோனது. எல்லாரும் படிப்பில் அக்கறை காட்டுகிறார்கள் என்று எனக்கு மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. காலையில் வரிசையில் பார்த்தால் இரண்டு தரப்பிலும் ஒவ்வொருவர் காதிலும் ஒரு பென்சில். உடன்படிக்கையில் இடம் கிடைக்காத பத்தொன்பது பேர் வேறு தனி வேட்பாளர்களாக நின்றார்கள். எதிர்த்தரப்பு ஆறு பேர் பெயரையும் அடித்துவிட்டு அந்த இடத்தில் சொந்தக்காரன் பெயரை எழுதுவது என்று இரண்டு தரப்பும், ஒருவரையொருவர் கலந்துகொள்ளாமலேயே, ஒரே முடிவுக்கு வந்திருந்தன. முப்பத்தைந்து வருஷத்தில் நம் ஊர் இவ்வளவு ஒற்றுமையாக எதையும் செய்ததில்லை.

எண்ணிக்கை பள்ளிக்கூடத்தில் நடந்தது. இங்கே ஒவ்வொரு மதத்துக்கும் தனி அறை, அதிலும் ஆணுக்கு ஒன்று, பெண்ணுக்கு ஒன்று. ஆகவே யார் யாரை அடித்தார்கள் என்பது கழுதைக்கும் தெரிந்துவிடும். மாரோனிய ஆண்கள் அறையில் ஒரு சீட்டில் ஆறு துரூஸ் பெயரையும் அடித்து, ஏழாவதாக என் பெயரைக் காகிதம் கிழியும்படி அடித்திருந்தார்கள். வெளியூரிலிருந்து வந்த அதிகாரி அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "இந்த அதீப்புங்கிறவர் உயிரோட இருக்காரா?" என்று கேட்டார். அந்த அறையில் எனக்குப் பதினாலு ஓட்டு. மாரோனியப் பெண்கள் அறையில் ஒன்பது. நம் சொந்தத்தில் மட்டும் ஓட்டுள்ள பெண்கள் பதினேழு பேர். மர்செலைக் கேட்டேன். "ஓட்டு ரகசியங்க" என்றாள். முப்பத்தொரு வருஷத்தில் அவள் காப்பாற்றிய முதல் ரகசியம் இது.

துரூஸ் ஆண்கள் அறையில் இருபத்திரண்டு. நான் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். அப்போதுதான் துரூஸ் பெண்கள் அறைச் சீட்டுகளை வாசிக்க ஆரம்பித்தார்கள். சீட்டுக்குச் சீட்டு நம்மவர் ஐந்து பேரும் அடிபட்டிருக்க, என் பெயர் மட்டும் கீறல்கூட இல்லாமல் நின்றது. இருநூற்றுப் பதினொரு ஓட்டு. பன்னிரண்டாவதாக ஜெயித்தேன்.

ஜெயித்ததைச் சொல்ல பூத்ரோஸ் வீட்டுக்குப் போனேன். அவனும் ஜெயித்திருந்தான். காபிகூடக் கொடுக்கவில்லை. "மச்சான், உங்கள ஜெயிக்க வச்சது யாரு? அவங்க. அப்ப நீங்க அவங்க கணக்கு. அவங்களுக்கு ஏழு, நமக்கு அஞ்சு. நமக்கு வரவேண்டிய ஒரு எடத்த நீங்க தின்னுட்டீங்க" என்றான்.

"நம்ம கோயில்ல ஞானஸ்நானம் வாங்கினவன்டா நான்."

"ஞானஸ்நானம் வேற, ஓட்டு வேற மச்சான்."

சரி, அந்தப் பக்கமாவது மதிப்பார்கள் என்று அபூ நாஜியிடம் போனேன். அவர் ரொட்டி கொடுத்தார், காபி கொடுத்தார், தோளில் கை போட்டார். "உங்க மேல பாசம் இருக்கு வாத்தியாரே. நாற்காலி இல்ல. எங்க ஆறும் நிரம்பிருச்சு" என்றார்.

முதல் கூட்டத்தில் மேஜைக்கு ஒரு பக்கம் ஆறு நாற்காலி, மறுபக்கம் ஐந்து. நான் வீட்டிலிருந்து முக்காலி எடுத்துப்போய் மேஜையின் குறுகிய முனையில் உட்கார்ந்தேன். மன்றத்து எழுத்தர் என்னைத் தலைவர் என்று நினைத்து எல்லாக் கோப்புகளையும் என் முன்னால் வைத்துவிட்டார். துணைத்தலைவர் தேர்தலில் பூத்ரோஸுக்கு ஐந்து ஓட்டு, எனக்கு ஏழு. அவன் தரப்பு ஐந்து பேரும் வெளிநடப்புச் செய்தார்கள். கதவைச் சாத்தியது ஒருவன்தான், அதுவும் மெதுவாக. தேர்தல் சிறப்பாக நடந்தது என்று நான் சொன்னது இதைத்தான்.

ரஷீத், வேடிக்கையை விடு. எண்பத்து மூன்றில் கட்டின துணியோடு இந்த ஊரைவிட்டு ஓடினோம். இன்றைக்கு இருநூற்றுப் பதினொரு துரூஸ் பெண்கள் பென்சிலோடு என் பெயர்வரை வந்து கையை எடுத்துக்கொண்டார்கள். ஏன்? நாலு வருஷமாக அவர்கள் பிள்ளைகளுக்குப் பின்னம் சொல்லிக்கொடுத்தேன், ஊற்றுக்குக் குழாய் கேட்டு மனு எழுதினேன், யாரையும் முறைத்துப் பார்த்ததில்லை. அதை அவர்கள் கவனித்திருக்கிறார்கள். இதைவிட உனக்கு என்ன உத்தரவாதம் வேண்டும்? அப்பா வீட்டில் உன் பாதி பூட்டிக் கிடக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் இருமுவதற்குக்கூட ஆள் இல்லை. எனக்கு அறுபத்திரண்டு வயதாகிறது, நீ பக்கத்தில் இருக்கவேண்டும் என்று ஆசையாக இருக்கிறது.

மாதா உன்னையும் குழந்தைகளையும் காப்பாற்றட்டும். உன் மனைவிக்கு என் வணக்கம். பூத்ரோஸ் விசாரித்ததாகச் சொல்லச் சொல்லவில்லை. ஆனாலும் சொல்லிவிட்டேன்.

இப்படிக்கு,
உன் அண்ணன்,
அதீப் ஷாஹீன், துணைத்தலைவர்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் பக்கத்து வீட்டு உம் ஸல்மான் அக்கா திராட்சை இலை கொண்டுவந்தார். துரூஸ் அம்மாள். அவர் வீட்டுக்காரர் எண்பத்து மூன்றில் நம்மவர் குண்டுக்குச் செத்தது உனக்கு நினைவிருக்கும். பெருமை தாங்காமல் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன். முக்காடு நழுவும்வரை சிரித்தார். "அதீப் தம்பி, அந்தப் பொண்ணுங்கள்ல பெரும்பாலும் வேற ஊர்லேருந்து கட்டிக்கிட்டு வந்ததுங்க. உன்ன யாருன்னே தெரியாது. பூத்ரோஸ், ஷர்பல், மாரூன்னு கிறிஸ்தவப் பேரப் பாத்ததும் அடிச்சிருச்சுங்க. அதீப் ஷாஹீன்னு ரெண்டு பக்கமும்தான் பேரு வைக்கிறாங்க. புரியாம வரிசையில நின்னுக்கிட்டு என்னக் கேட்டுச்சுங்க."

"என்ன கேட்டாங்க?"

"இவரு நம்மாளா, அவங்காளான்னு."

"நீங்க என்ன சொன்னீங்க அக்கா?"

"நம்மாளுன்னேன்."

தெரிந்தே பொய் சொன்னீர்களா என்று கேட்டேன். "இதுல பொய் எங்க இருக்கு?" என்று கேட்டுவிட்டு, இலையை உப்புத் தண்ணீரில் போடச் சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆகவே மேலே இருநூற்றுப் பதினொன்று என்று வரும் இடத்திலெல்லாம் ஒன்று என்று திருத்திக்கொள். அதை வைத்துக்கொண்டு வீட்டை விற்பதா என்று நீயே முடிவு செய்.