கட்டிலுக்கு மேலே ஒரு கயிறு

கருவூலத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கு ஒரு நோய் உண்டு. எந்தக் காரியத்துக்கும் ஒரு நடைமுறை இருக்கிறது, அது நமக்குத்தான் தெரியும், மற்றவர்கள் அதைக் கெடுக்கவே பிறந்திருக்கிறார்கள் என்று நினைப்பது. அதற்கு மருந்து கிடையாது. (ஓய்வூதியம் நிற்கும்போதுதான் நோயும் நிற்கும்.)

என் மகள் கிரேஸுக்கு சிசேரியன் ஆனபோது எனக்கு அந்த நோய் முற்றியிருந்தது.

தலைப்பிரசவம் என்றால் பெண் தாய்வீட்டில்தான் இருக்க வேண்டும். ஆனால் எங்கள் ஆரணிக்குப் பக்கத்திலுள்ள சேத்துப்பட்டிலிருந்து வந்திருந்த சம்பந்தியம்மா ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே ஆட்சேபணை எழுப்பிவிட்டார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க கூடத்துக் கட்டில்ல புடிச்சி எழுந்துக்க ஒண்ணுமே இல்ல. வயித்துல தையலோட பொண்ணு எப்படி எழுந்து உக்காரும்? டிஸ்சார்ஜ் அன்னிக்கு நானும் கூட வர்றேன். சரிப்படலன்னா அதே வண்டில சேத்துப்பட்டுக்கு இட்டுகினு போயிடறேன்."

என் மனைவி எஸ்தர் அங்கே தலையாட்டி வைத்தாள். வீட்டுக்கு வந்ததும் பேசினாள். "எம்பொண்ண நான்தான் பாத்துக்கணும். இங்கருந்து அவள அனுப்பினா எனக்கு சோறு எறங்காது. இன்னா பண்ணணுமோ பண்ணுங்க."

இப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. அவளைப் பொறுத்தவரை அது புலம்பல். எனக்கு அது முழு அதிகார ஆணை.

நான் படிக்கத் தொடங்கினேன். சிசேரியனுக்குப் பிறகு எப்படி எழுவது, எதைத் தூக்கக் கூடாது, சிரிப்பும் இருமலும் வந்தால் வயிற்றில் தலையணையை எப்படி அணைப்பது, எல்லாம் படித்தேன். எழுவதற்கான முறை எளிது. முட்டியை மடக்கி, ஒருக்களித்துத் திரும்பி, கையை ஊன்றி எழ வேண்டும். இதை நர்ஸுக்கே விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு அடுத்த வார்டுக்குப் போய்விட்டார்.

ஆனால் இவ்வளவு எளிதான முறையில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. கிரேஸ் குனியவே கூடாது என்று கூடத்துக் கட்டிலின் கால்களுக்கடியில் மரக்கட்டைகள் வைத்து உயர்த்தினேன்.

"ஏறி எறங்க ஏணி எங்க?" என்றாள் எஸ்தர்.

அந்தக் கேள்வியை நான் பரிசீலனைக்கே எடுத்துக்கொள்ளவில்லை.

மீதியிருந்தது, பிடித்து எழ ஒன்று. பக்கத்து வீட்டு ஏழுமலை பட்டு நெய்பவர். குழித்தறியில் கால்களைக் குழிக்குள் தொங்கவிட்டு உட்கார்ந்திருப்பார். எழும்போது உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு சரேலென்று மேலே வருவார். பல ஆண்டுகளாகப் பார்த்த காட்சிதான். அன்றைக்குத்தான் எனக்கு ஞானம் பிறந்தது. குழியிலிருந்து எழுவதும் படுக்கையிலிருந்து எழுவதும் ஒன்றுதானே! (ஒன்றல்ல.)

கேட்டதும் ஏழுமலைக்கு என்னைவிட உற்சாகம். எங்கள் உத்தரத்தில் ஏறி அவரே கட்டினார். "யானையே தொங்கலாம் சார்!" கை உறுத்தக் கூடாது என்று பிடிக்கும் இடத்தில் கழிவுப் பட்டுநூலைச் சுற்றிக் கொடுத்தார். பட்டுக் கைப்பிடி வைத்த பிரசவக் கட்டில் ஆரணியைத் தவிர வேறெங்கும் இருந்திருக்க வழியில்லை.

டிஸ்சார்ஜ் நாளன்று எஸ்தர் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். வீட்டில் நான் மட்டும். எந்தச் சாதனத்தையும் சோதிக்காமல் பயன்பாட்டுக்கு விடக் கூடாது என்பது நடைமுறை. சோதனை என்றால் நோயாளியின் நிலையிலேயே சோதிக்க வேண்டும். ஆகவே வயிற்றில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டினேன். ஸ்டூல் போட்டுக் கட்டிலில் ஏறி, ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டு, மல்லாந்து படுத்து, கயிற்றைப் பிடித்து ஒரே இழுப்பு.

கயிறு அறுந்திருந்தால் கௌரவமாக இருந்திருக்கும். அது அறுந்துபோகவில்லை. என் இடுப்பில்தான் ஏதோ அறுந்தது போலிருந்தது. இழுத்தால் உயிர் போகிறது, விட்டாலும் போகும் போலிருந்தது. பாதி எழுந்த நிலையில் பட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு தொங்கினேன்.

வாசலில் ஆட்டோ நின்றது.

முதலில் உள்ளே வந்தவர் சம்பந்தியம்மா. கையில் குழந்தை. கட்டிலின் உயரத்தைப் பார்த்தார், கயிற்றைப் பார்த்தார், என் வயிற்றில் கட்டியிருந்த துண்டைப் பார்த்தார்.

"இன்னா அண்ணே, உங்களுக்கு எப்ப ஆச்சு?"

பின்னால் வந்த கிரேஸ் சுவரில் சாய்ந்து இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "ஐயோ அத்த, சிரிக்க வெக்காதீங்க, தையல் இழுக்குது!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. எஸ்தர் அவசரமாக ஒரு தலையணையை எடுத்து அவள் வயிற்றில் அழுத்தினாள். (நான் எடுத்து வைத்த தலையணை. இதை யாரும் குறிப்பிடவில்லை.)

"கயித்த வுடுங்க," என்றாள் எஸ்தர்.

"விட்டா விழுந்துடுவேன்."

"அப்பா," என்று மூச்சை அடக்கிக்கொண்டு கிரேஸ் சொன்னாள், "முட்டிய மடக்குங்க. ஒருக்களிச்சு திரும்புங்க. இப்ப கைய ஊனுங்க. நர்ஸுக்கு சொல்லிக் குடுத்தீங்களே, அதேதான்."

அந்த முறை சிறப்பாக வேலை செய்தது. உட்கார்ந்துவிட்டேன். ஆனால் தரை எங்கோ கீழே இருந்தது. காலைத் தொங்கவிட்டால் இடுப்பு கத்தியது. எனவே மீண்டும் படுத்தேன்.

ஆட்டோ வெளியே காத்திருந்தது. எஸ்தர் சம்பந்தியம்மாவின் முகத்தையே பார்த்தபடி நின்றாள். ஆட்டோ சேத்துப்பட்டுக்குப் போக நான் என்னாலான காரணங்களையெல்லாம் திரட்டிக் கொடுத்திருந்தேன்.

சம்பந்தியம்மா என்னை இன்னொரு முறை பார்த்தார். "பாவம், இந்த மனுசன வெச்சிகினு நீங்க ஒண்டியா இன்னா பண்ணுவீங்க? வண்டிய அனுப்பிடுங்க. நானும் இங்கயே இருக்கறேன்."

கிரேஸ் உள்ளறையில் தங்கினாள். காற்றோட்டம் போதாது என்று நான் நிராகரித்த அறை. எஸ்தரின் கட்டில் சரியான உயரம், குளியலறை பக்கத்திலேயே. யாரும் எந்த ஏற்பாடும் செய்யவில்லை. அதனால் சௌகரியமாக இருந்தது. பூண்டுக் குழம்பு முதலில் அங்கே போனது, மிச்சம் எனக்கு வந்தது. ஏழுமலையும் சம்பந்தியம்மாவும் கட்டிலை என்னோடு சேர்த்தே ஓரமாகத் தள்ளிவிட்டு, அந்தக் கயிற்றில் தூளி கட்டினார்கள். யானை தாங்கும் கயிற்றில் என் பேரன் தூங்கினான்.

குழந்தை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் கூடத்தில் முதலில் தெரிந்தது நான்தான். ரொட்டிப் பொட்டலங்களை என் தலைமாட்டில் வைத்தார்கள். தாய்க்கும் சேய்க்கும் ஜெபிக்க வந்த போதகர், போகிற வழியில் என் தலையிலும் கை வைத்து, சுகப்படுத்தும்படி கேட்டுக்கொண்டார்.

பேரன் இப்போது பள்ளிக்கூடம் போகிறான். போன வாரம் கிரேஸ் மறுபடி உண்டாகியிருப்பதாகச் செய்தி வந்தது. சம்பந்தியம்மா முதல் போனை எனக்குத்தான் போட்டார்.

"அண்ணே, சந்தோசம்! உங்க ரெண்டு பேருக்கும் டாக்டரு எந்த மாசம்னு சொல்லிகிறாங்க?"