ஞாயிற்றுக்கிழமைக் கொடி

ஃபின்லே மக்ரிச்சி கிளாஸ்கோவில் வந்து இறங்கிய அன்றே ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த ஊரில் தங்குவதில்லை. ஆனால் அதைத் தன் வாயால் சொல்வதுமில்லை.

ஏன் சொல்ல முடியாது என்றால், எல்லாம் வரும் வழியில் கப்பலில் விட்ட சவடாலால் வந்த வினை. மனைவி டோலினாவுக்குக் கிளாஸ்கோவில் ஒரு பெரிய மருத்துவமனைச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி வேலை கிடைத்திருந்தது. ஸ்காட்லாந்தின் வடமேற்குக் கோடியிலுள்ள சொந்த ஊரான லூயிஸ் தீவை விட்டுக் கப்பல் கிளம்பும்போது அவள் ஒரு ஒப்பந்தம் போட்டாள்.

"ஏப்ரல் முடியற வரைக்கும் இருந்து பார்ப்போம். நம்மள்ல யாராவது 'என்னால முடியல, ஊருக்குப் போயிடலாம்'னு சொன்னா, அடுத்த கப்பல்லயே திரும்பிடலாம். ஒருத்தரும் சொல்லலேன்னா, வீட்டை டீச்சரம்மாவுக்கு வாடகைக்கு விட்டுடலாம். பாவம், தீவுக்குப் புதுசா வந்து வீடு தேடி அலையறா. என்ன, சரியா?"

"சரி."

"மொதல்ல சொல்லப்போறது நீதான் ஃபின்லே."

"நானா? புயல்ல வலை இழுத்தவன்டி நான்! பட்டணத்தைப் பார்த்துப் பயப்படற ஆளா நான்?"

ஆயிற்று. வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். இனிமேல் அவர் சொன்னால் மானம் கப்பலேறிவிடும். ஆகவே அவளைத்தான் சொல்ல வைக்க வேண்டும்.

இத்தனைக்கும் பட்டணத்தைப் பற்றித் தீவில் எல்லோரும் எச்சரித்துத்தான் அனுப்பியிருந்தார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரன்கூட முகம் கொடுத்துப் பேசமாட்டானாம். வந்து பார்த்தால் பேச்சை நிறுத்தத்தான் ஆளில்லை. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு கிழவி தன் பித்தப்பை ஆபரேஷனை ஆரம்பத்திலிருந்து சொல்லத் தொடங்கினாள். இறங்க வேண்டிய இடம் வந்தது, போனது. கதை முடிந்தபாடில்லை. கடைசியில் எங்கேயோ இறங்கி மழையில் நனைந்துகொண்டே வீடு வந்து சேர்ந்தார். டோலினாவோ மறுநாளே அதே கிழவியிடம் மல்லுக்கட்டி இறைச்சிக்கடைக்கு வழி கேட்டு, இரவு சாப்பாட்டுக்கு அவளையே கூட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

இவள் இந்த ஊரில் வேர்விடுவதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும்!

யோசனை பின்முற்றத்திலிருந்து வந்தது. அந்த நாலுமாடிக் குடியிருப்பில் துணி உலர்த்த எல்லோருக்கும் சேர்த்து ஒரே முற்றம். எந்த நாள் யாருக்குக் கொடி, எந்த வாரம் யார் படிக்கட்டு கழுவுவது என்பதெல்லாம் தரைத்தளத்து மிஸஸ் பெட்ரியின் ராஜ்ஜியம். அவள் சொன்னால் சொன்னதுதான்.

ஃபின்லேயின் மூளையில் பளிச்சென்று ஒரு விளக்கு எரிந்தது. ஞாயிற்றுக்கிழமை! தீவில் அது கர்த்தருக்கான ஓய்வு நாள்; அன்று ஒரு கைக்குட்டையைக் கொடியில் போட்டால்கூட ஊரே வாயில் கைவைக்கும். பிள்ளைகளின் ஊஞ்சலைக்கூடச் சங்கிலி போட்டுக் கட்டிவைத்த ஊர் அது. டோலினா செத்தாலும் அன்று துணி உலர்த்தமாட்டாள். ஈரத்துணி வீட்டுக்குள் மலையாகக் குவியும். நாற்றமடிக்கும். அவளே வாயைத் திறந்து சொல்லிவிடுவாள்.

துள்ளாத குறையாகக் கீழே இறங்கினார்.

"வா கண்ணு, வா. உங்களுக்குக் கொடிக்கு நாள் சொல்லணும்ல?" என்றாள் மிஸஸ் பெட்ரி.

"ஞாயித்துக்கிழமை காலியா இருக்கா?"

டீ ஊற்றிக்கொண்டிருந்த அவள் கை நின்றது. "ஞாயிறா கேக்கற?"

"ஞாயிறேதான். வேற நாளைக் குடுத்துட்டா எங்க வீட்டுல ரகளை ஆயிடும்."

மிஸஸ் பெட்ரி அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "மூஞ்சியப் பார்த்தா அப்பாவி மாதிரி இருக்கு. பலே ஆளுய்யா நீ! அந்த நாளுக்காக ரெண்டாம் மாடி ஆர்ச்சியும் மேல்மாடிக்காரியும் முட்டிக்கறாங்க, தெரியுமா? வேலைக்குப் போறவங்களுக்கு வேற நாள் ஏது? ரெண்டு பேருக்கும் குடுக்கல நான். நீயே எடுத்துக்கோ, எனக்குத் தலைவலி விட்டுது."

இதில் பாதிகூட அவர் காதில் ஏறவில்லை. மனசுக்குள் அவர் ஏற்கெனவே கப்பலில் உட்கார்ந்திருந்தார்.

மேலே வந்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னார். "டோலினா, அந்தப் பெட்ரியம்மா ஞாயித்துக்கிழமையை நம்ம தலையில கட்டிட்டா. எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தேன்."

டோலினா அவரைப் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். "அப்படியா?" என்றாள். அவ்வளவுதான்.

அந்த ஞாயிறு தேவாலயம் போய்த் திரும்பியவர் முற்றத்தைப் பார்த்துத் திகைத்துப் போனார். கொடி முழுக்கத் துணி. ஆடுகிறது, பறக்கிறது!

"யார் துணி அது?"

"ஆர்ச்சியோடது. நம்ம நாளை அவருக்குக் குடுத்துட்டேன்."

"ஞாயித்துக்கிழமை துணி போடறது பாவமில்லையா?"

"அவர் துணி, அவர் பாவம். நமக்கென்ன? அவரோட வியாழன் இனிமே நமக்கு."

"சரிக்குச் சரியாவா மாத்திக்கிட்டே?"

"நான் என்ன பைத்தியமா? ஞாயிறு தங்கம், வியாழன் தகரம். மேலே ஏதாவது போட்டுக் குடுங்கன்னேன். ரயில் பாதை ஓரமா பயிர் பண்ண ஆளுக்கொரு துண்டு நிலம் வாடகைக்குக் குடுத்திருக்காங்க. அதுல அவருக்கும் ஒரு தோட்டம் இருக்கு. அந்த மாதிரி ஒண்ணு கிடைக்கணும்னா வருஷக்கணக்கா காத்திருக்கணுமாம். அதுல பாதி நமக்கு. எனக்கு முட்டி வலி. நீதான் கொத்தணும்."

தீவில் கடலுக்குப் போகாத நாளெல்லாம் கிழங்கு போட்டவர் அவர். மண்ணைக் கொத்துவது என்றதும் ஃபின்லேயின் நெஞ்சில் ஏதோ ஒன்று அசைந்தது. காட்டிக்கொள்ளவில்லை. "ஏதோ, பொழுது போகட்டும்" என்று முனகிவிட்டு, மறுநாள் விடிந்ததும் மண்வெட்டியோடு போனார்.

அங்கே இருந்த தோட்டக்காரர்கள் ஆளுக்கொரு விதமாக உருளைக்கிழங்கு நட்டுக்கொண்டிருந்தார்கள். அவரால் பொறுக்க முடியவில்லை. "என்னய்யா இது, பொணத்தைப் புதைக்கற மாதிரி புதைக்கறீங்க? மண்ணை மேலே ஏத்தி மேடு கட்டுங்க. அடியில கடல்பாசி போடுங்க. அப்புறம் பாருங்க!"

"கடல்பாசிக்கு நாங்க எங்க போறது பெரியவரே?" என்றான், வேலைக்குக் கிளம்பும் முன் அங்கே வந்திருந்த ஆர்ச்சி.

"கார் வெச்சிருக்கேல்ல? கடற்கரைக்குப் போ."

சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னார். சனிக்கிழமை நாலைந்து பேர் நிஜமாகவே காரில் போய் மூட்டை மூட்டையாகக் கடல்பாசி அள்ளி வந்துவிட்டார்கள். ரயில் பாதை ஓரம் முழுக்கத் தீவு வாசனை. ஃபின்லேயின் கண் கலங்கியது. காற்றின் மேல் பழி போட்டார். அதற்குப் பிறகு அவரில்லாமல் அங்கே ஒரு மண்வெட்டி அசையவில்லை. பேருந்தில் அந்தக் கிழவியைப் பார்த்தபோது, அவளைப் பேசவிடாமல் இவரே மேடு கட்டும் முறையை விளக்கினார். பாவம், அவள் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாள்.

ஏப்ரல் கடைசியில் ஒரு சாயங்காலம். டோலினா வேலையிலிருந்து வந்தாள். கோட்டைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்தாள்.

"ஃபின்லே, என்னால முடியல. ஊருக்குப் போயிடலாம்."

எந்த வார்த்தைக்காகத் தவம் கிடந்தாரோ, அதே வார்த்தை!

"இப்பவா? எப்படிம்மா போறது? இப்பத்தானே கிழங்கு முளை விட்டிருக்கு?"

"ஆர்ச்சி பார்த்துப்பார்."

"அவனா? களைக்கும் செடிக்கும் வித்தியாசம் தெரியாதவன் அவன்! இதோ பாரு டோலினா, இந்த ஊருக்கு என்ன குறைச்சல்? மழை நம்ம ஊர் மழைதான். ஜனங்க தங்கமான ஜனங்க. சனிக்கிழமை எல்லாரும் என்னைக் கேட்டுத்தான் வெங்காயம் நடறதா இருக்காங்க. நான் வாக்குக் குடுத்துட்டேன்."

"அப்ப நீ வரமாட்டே?"

"மாட்டேன். என்ன ஆனாலும் சரி, நான் இங்கேதான் இருப்பேன்!"

டோலினாவின் களைப்பு போன இடம் தெரியவில்லை. எழுந்து கோட்டைக் கழற்றி மாட்டினாள்.

"நல்லதாப் போச்சு" என்றாள். "டீச்சரம்மா போன வாரமே தீவுல நம்ம வீட்டுல குடிவந்துட்டா. இதை உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான் யோசிச்சிக்கிட்டே இருந்தேன்."