மாடி அறைக்கு வாசகர்கள் தேவை

"சும்மா உட்கார்ந்தா போதாது அத்தை. பக்கத்தைப் புரட்டணும்" என்றார் காப்பாளர்.

"புழுக்கமா இருக்கு மாப்பிள்ளை" என்று மாமியார் கையிலிருந்த இதழால் விசிறிக்கொண்டார்.

காப்பாளருக்கு உயிரே போய்விட்டது. பச்சைக் குழந்தையை வாங்குவதுபோல இரு கைகளாலும் அதை வாங்கினார். "உலகத்துலயே இது ஒரே ஒரு பிரதியா இருந்தாலும் இருக்கும் அத்தை."

பொது நூலகத்தின் மாடி அறை அவருடைய ராஜ்ஜியம். சுவர் முழுக்கப் பழைய வீடியோ கேம் பத்திரிகைகள். ரசிகர் மன்றங்கள் ஜெராக்ஸ் எடுத்து, பின் அடித்துத் தபாலில் அனுப்பிய செய்தி மடல்கள். எந்தக் குகையில் எந்தச் சாவி என்று வாசகர்களே வரைந்து அனுப்பிய வரைபடங்கள். வீடு காலி செய்பவர்களின் குப்பையிலும் பரணிலும் தேடித் தேடிச் சேர்த்தவர் அவர். துருப்பிடித்த பின்னை அவர் கழற்றும் அழகைப் பார்க்க வேண்டும். தூங்கும் குழந்தையின் காலில் தைத்த முள்ளை எடுப்பதுபோல இருக்கும். பைத்தியம் என்று கேலி பேச வந்தவர்கள்கூட அதைப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

ஒரே குறை, படிக்க ஆள் வருவதில்லை.

நேற்று தலைமை அலுவலகத்திலிருந்து போன். "நாளைக்கு ஆபீசர் நேர்ல வர்றாங்க. ஆள் நடமாட்டம் இல்லைன்னா ரூமைக் காலி பண்ணிட வேண்டியதுதான். உடைஞ்ச நாற்காலி போட இடமில்லாம தவிக்கிறோம்."

ராத்திரி அவருக்குச் சோறு இறங்கவில்லை. அதைப் பார்க்கச் சகிக்காமல் மனைவிதான் இந்த யோசனையைச் சொன்னாள். இப்போது மனைவி, மாமியார், மச்சினன் எல்லோரும் வாசகர்கள். "உன் ஆபீஸ்லேருந்தும் யாரையாவது கூட்டிட்டு வா" என்று மச்சினனிடம் சொல்லியிருந்தார்.

அவன் சொன்னபடி செய்துவிட்டான் போலும். மூக்குக் கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி வாசலில் தயங்கி நின்றார்.

"வாங்கம்மா, அந்த மூலையில உட்காருங்க" என்று காப்பாளர் ஓர் இதழ்க் கட்டைக் கொடுத்தார். "பேனாவைக் கன்னத்துல வெச்சு யோசிக்கிற மாதிரி இருங்க. ஆபீசர் கேட்டா, வாரம் தவறாம வர்றேன்னு சொல்லுங்க. கொஞ்சம் ஆர்வமா இருக்கற மாதிரி தெரிஞ்சா போதும்."

பெண்மணி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "முயற்சி பண்றேன்" என்று உட்கார்ந்தார்.

அதற்குள் மாமியார் தூங்கி வழிய ஆரம்பித்திருந்தார். காப்பாளர் அவரை எழுப்பி, வாசகர் கடிதப் பக்கத்தைத் திறந்து கொடுத்தார். அதுதான் வினையாகப் போயிற்று.

"மாப்பிள்ளை, இந்தப் பொண்ணு மூணு மாசமா டிராகனைக் கொல்ல முடியலைன்னு எழுதியிருக்கா. அப்புறம் கொன்னாளா, இல்லையா?"

"அடுத்த இதழ்ல இருக்கும் அத்தை. மெதுவாப் பேசுங்க."

அடுத்த இதழ் மச்சினன் கையில் இருந்தது. அவன் தர மறுத்தான். "நானே பாதாளச் சிறையில மாட்டிட்டு நிக்கிறேன்மா. பொறு."

"பெத்தவளுக்கு ஒரு புத்தகம் குடுக்க மாட்டியாடா?"

இருவரையும் விலக்கிவிடக் காப்பாளர் நடுவில் புகுந்த நேரத்தில், சலவைச் சட்டையும் கையில் அட்டையுமாக ஓர் ஆசாமி உள்ளே வந்து அலமாரியை விரலால் தட்டிப் பார்த்தார்.

காப்பாளர் பாய்ந்து போய்க் கும்பிட்டார்.

அந்த நேரம் பார்த்து மச்சினனுக்குப் போன் வந்தது. "ஆமா சார், காய்ச்சல் இன்னும் விடலை சார்" என்று முனகிவிட்டு வைத்தான்.

"பேராசிரியர். உடம்பு முடியாமகூட படிக்க வந்திருக்கார்" என்று சமாளித்தார் காப்பாளர்.

ஆசாமி தலையாட்டிவிட்டுக் காப்பாளரின் மனைவியைப் பார்த்தார். "நீங்க என்னம்மா பண்றீங்க?"

"இவர் ஏன் வீட்டுக்கே வர்றதில்லைன்னு ஆராய்ச்சி பண்றேன்" என்றாள் அவள், இதழிலிருந்து தலையைத் தூக்காமல். "இப்பதான் காரணம் புரியுது. நல்லாத்தான் இருக்கு."

காப்பாளர் அவசரமாக அவரை நகர்த்திக்கொண்டு போனார்.

"எவ்வளவு காலமா இப்படி இருக்கு?" என்று கேட்டார் ஆசாமி.

"ஆரம்பத்துல கொஞ்சம்தான் சார். இப்ப நாளுக்கு நாள் பெருகிட்டே போகுது."

"எந்தப் பக்கம் அதிகம்?"

"அந்த மூலைதான். ஒருதரம் புத்தகத்துக்குள்ள புகுந்துட்டா வெளிய கொண்டுவர முடியாது சார்."

"தெரியும், தெரியும்" என்று அட்டையில் குறித்துக்கொண்டார். "கவலைப்படாதீங்க. இன்னைக்கே மொத்தத்தையும் காலி பண்ணிடலாம். ஒண்ணுகூட மிஞ்சாது."

காப்பாளர் குறுக்கே ஓடினார். அலமாரிக்கு முன்னால் கைகளை விரித்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுலகூடக் கை வைக்க விட மாட்டேன் சார். இதுங்களை நான் பிள்ளை மாதிரி வளர்த்திருக்கேன்."

"வளர்த்தீங்களா?"

"ஒவ்வொண்ணும் எங்கேருந்து வந்ததுன்னு எனக்குத் தெரியும். எத்தனையோ பேர் ராத்திரி தூக்கத்தைக் கெடுத்தது இதுங்க. தூக்கி எறியச் சொன்னவங்க எல்லாரும் இன்னைக்கு அதையே நினைச்சு ஏங்குறாங்க. வேணும்னா என்னைக் காலி பண்ணுங்க."

மாமியார் எழுந்து வந்து மருமகனின் பக்கத்தில் நின்றார். "மாப்பிள்ளை சொல்றதுதான் நியாயம். அந்த டிராகன் என்னாச்சுன்னு தெரியாம ஒருத்தரும் இதைத் தொடக்கூடாது." மனைவியும் மச்சினனும் வந்து சேர்ந்துகொண்டார்கள். மூலையிலிருந்த பெண்மணி மட்டும் அசையவில்லை. ஒரு வரைபடத்தின் மேல் விரலை ஓட்டியபடி உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கூட நிற்க வேண்டிய நேரத்தில் இப்படியா என்று காப்பாளருக்கு எரிச்சல் வந்தது. "நடிச்சது போதும்மா, எழுந்து வாங்க."

"ஒரு நிமிஷம்" என்றார் அவர் நிமிராமலே. "கடைசி அறைக்கு வழி அடுத்த இதழ்லன்னு போட்டிருக்கு. அதை எடுத்துக் குடுங்களேன்."

ஆசாமி பயந்துபோய் நாலடி பின்வாங்கியிருந்தார். அப்போது படியேறி வந்த காவலாளி இந்தக் காட்சியைப் பார்த்துத் தலையைச் சொறிந்தார்.

"ஐயா, அவர் கரையானுக்கு மருந்து அடிக்க வந்தவர்ங்க; ஆபீசர் அம்மா அந்த மூலையில உட்கார்ந்திருக்காங்க பாருங்க, கொஞ்சம் முன்னாடி கீழே எனக்குப் போன் பண்ணி, படிச்சு முடிக்க சாயங்காலம் ஆகும்னு வண்டியைத் திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க."