ஜன்னலைச் சாத்தச் சொன்ன மாஸ்டர்

கூட்டம் கூடாதீர்கள் என்று உலகமே தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்த நாட்களில், அந்தக் கல்லூரியின் பயிற்சிக்கூடத்தில் கால் வைக்க இடமில்லை. கூடக்கூடாத இடமாகப் பார்த்துக் கூடுவதில் மனிதனுக்கு நிகர் மனிதன்தான்.

வாசலில் ஒரு கூடை. உள்ளே வருகிறவர்கள் மாஸ்க்கைக் கழற்றி அதில் போட வேண்டும். பக்கத்துத் தட்டிலிருந்து ஒரு நீலக் கயிற்றை எடுத்து மணிக்கட்டில் கட்டிக்கொள்ள வேண்டும். கயிறு இலவசமில்லை. ஒவ்வொரு கயிற்றையும் மாஸ்டர் தம் உதட்டருகே பிடித்துத் தாமே ஊதியிருக்கிறார். மூச்சினால் பரவும் நோய்க்கு மூச்சு ஊதிய மருந்து. யாருக்கும் இதில் எதுவும் உறுத்தவில்லை.

மாஸ்டர் பாயின் நடுவில் நின்றார். நல்ல உயரம், வெள்ளை உடை, கறுப்புப் பட்டை. பட்டையை யார் கொடுத்தார்கள் என்று கேட்டால் "மௌனம்" என்பார். கேட்டவர்கள் சிலிர்த்துப்போவார்கள்.

"இது காத்துச்சுவர்," என்று தன் முன்னால் இருந்த வெற்றிடத்தைத் தடவிக் காட்டினார். "பயிற்சி எடுத்தா உங்களைச் சுத்தியும் எழும்பும். ஜன்னலை எல்லாம் சாத்துங்க. சக்தி வெளியில போயிடும்."

ஜன்னல்கள் படபடவென்று சாத்தப்பட்டன.

கல்லூரியின் தற்காப்புக்கலை மன்றத்திலேயே பெரிய உடம்புக்காரன், எல்லோரும் நெட்டை என்று கூப்பிடுகிறவன், எதிரே போய் நின்றான். மாஸ்டர் தொடவில்லை. எட்ட நின்று உள்ளங்கையை நீட்டி, அடிவயிற்றிலிருந்து "ஹூம்" என்றார். நெட்டை வெட்டிய மரம்போல மல்லாந்து விழுந்தான்.

"இவ்வளவு பெரிய ஆளைத் தள்ளுற சுவர், கண்ணுக்கே தெரியாத கிருமியைத் தள்ளாதா?"

கூடம் கைதட்டலில் அதிர்ந்தது. தர்க்கம் என்றால் இதுவல்லவா தர்க்கம். இந்தக் கணக்குப்படி யானையை நிறுத்தும் வேலி கொசுவையும் நிறுத்த வேண்டும்.

கூட்டத்தின் கடைசியில், மாஸ்க்கைக் கழற்றாமல், சாத்திய ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒருத்தி நின்றிருந்தாள். அந்தத் தற்காப்புக்கலை மன்றத்தின் கேப்டன். இறுதியாண்டு மாணவி. மாணவர்கள் அவளுக்கு வைத்திருந்த பெயர் ஜன்னல் அக்கா.

பெயர் சும்மா வரவில்லை. கல்லூரி திறந்ததும் மன்றத்தையும் திறக்கப் போராடியவள் அவள்தான். திறந்ததும் அவள் செய்த முதல் வேலை, துருப்பிடித்துக் கிடந்த ஜன்னல்களை எல்லாம் சுத்தியலால் தட்டித் திறந்தது. பிறகு தரையில் சாக்பீஸால் கட்டம் போட்டாள், ஆளுக்கொரு கட்டம், ஆளுக்கொரு பாய். பாயைச் சோப்புத்தண்ணீரால் துடைக்காமல் யாரும் வீட்டுக்குப் போக முடியாது. கட்டிப் புரளும் சண்டைப்பயிற்சி கிடையாது. இரண்டு பேர் சேர்ந்து செய்வதென்றால் நீளக்கழியின் ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு செய்ய வேண்டும். லேசாகக் காய்ச்சலடித்தாலும் வீட்டிலேயே இரு.

ஒருவருக்கும் நோய் வரவில்லை. அதுதான் அவள் செய்த தவறு. ஒன்றும் நடக்காததை யாரும் சாதனை என்று சொல்வதில்லை. "கழியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதுக்கு நான் எங்கேயாவது கொடி பிடிக்கவே போகலாம்," என்று சொல்லிவிட்டு ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். அந்த இடைவெளியில்தான் மாஸ்டர் வந்து சேர்ந்தார். முதல்வரின் மைத்துனருக்கு வேண்டியவராம்.

முதல்வர் அவளைக் கூப்பிட்டுச் சொன்னார்: "எல்லாத்துக்கும் பயந்துக்கிட்டே இருந்தா எப்படிம்மா? கொஞ்சம் பாசிட்டிவா இரு."

அந்த ஆண்டில் அந்தச் சொல்லைக் கேட்டாலே ஊர் நடுங்கியது. முதல்வர் மட்டும் அதை அறிவுரையாக வழங்கிக்கொண்டிருந்தார்.

விஷயம் இதுதான். வரும் சனிக்கிழமை "முழுக்கவசம்" என்று ஒரு விழா. சாத்திய கூடத்துக்குள் மன்றத்தார் மொத்தமும் மாஸ்க் இல்லாமல் தோளோடு தோள் நின்று மூச்சுப்பயிற்சி செய்வார்கள். அது முடிந்ததும் மன்றம் மாஸ்டர் கைக்குப் போகும், அவளுடைய விதிகள் குப்பைக்குப் போகும். கேப்டன் வராவிட்டால் அவள் கேப்டன் இல்லை. வந்தால், அன்று சாயங்காலம் அவள் எந்த வீட்டுக்குத் திரும்புவாள்? வீட்டில் அப்பா இருந்தார். இந்தத் தொற்று வருவதற்கு முன்பே அவருடைய நுரையீரல் பாதி வேலைநிறுத்தத்தில் இருந்தது. மீதிப் பாதியை நம்பித்தான் அவர் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து நின்று "இது புளுகு" என்று சொல்லிவிடலாம்தான். ஆனால், அவளும் விழுந்திருந்தாள்.

மாஸ்டர் வந்த முதல் நாள் செயல்விளக்கத்தில் மாஸ்டர் அவளைத்தான் அழைத்தார். எதிர்ப்பவளை முதலில் சாய்த்துவிட்டால் மற்றவர்கள் தானாகச் சாய்வார்கள் என்பது அவர் தொழிலின் அரிச்சுவடி. அவள் இளப்பமாகச் சிரித்துக்கொண்டு போய் நின்றாள். கை நீண்டது. "ஹூம்." அடுத்த கணம் அவள் பாயில் கிடந்தாள். முகவாய் நெஞ்சோடு ஒட்டி, கை பாயைத் தட்டி, பாடப்புத்தகப் படத்தில் இருப்பதுபோல் அத்தனை அழகாக விழுந்திருந்தாள்.

நடிக்கவில்லை. அதுதான் அவளை அரித்தது. நெஞ்சில் எதுவோ வந்து முட்டியதாகத்தான் இருந்தது. முட்டியதா, முட்டும் என்று நினைத்தாளா? எத்தனை முறை அந்தக் கணத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்த்தும் கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அதைவிட அசிங்கமான ஒன்றும் அவளுக்குத் தெரியும். விழுந்து கிடந்தபோது அவளுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது. உண்மையாக இருந்துவிட்டால்? அப்பாவைச் சுற்றியும் ஒரு சுவர் எழும்பிவிட்டால்? அன்று யாரும் பார்க்காதபோது தட்டில் காசைப் போட்டு ஒரு கயிறு எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்பாவிடம் கொடுக்கவில்லை. தூக்கியும் எறியவில்லை.

பயம் என்பது எல்லா வீட்டுச் சாவியும் வைத்திருக்கும் திருடன். அவள் வீடும் விலக்கில்லை.

விழாவுக்கு முந்திய நாள் வீட்டில் வழக்கமான ரகளை. அப்பா உள்ளறையில். கூடத்தில் தங்கை ஆன்லைன் வகுப்பில் வாத்தியாரை ஊமையாக்கிவிட்டு ஏதோ விளையாட்டு விளையாடிக்கொண்டிருந்தாள். அம்மா சமையலறையிலிருந்து கரண்டியோடு வெளிப்பட்டாள்.

"வாத்தியார் வாயை மூடிட்டு நீ என்னடி பண்றே?" கரண்டி உயர்ந்தது.

"ஐயோ, அம்மா அடிச்சுட்டா," என்று அலறிக்கொண்டு தங்கை சோபாவில் சுருண்டு விழுந்தாள்.

கரண்டி இன்னும் உயரத்திலேயே இருந்தது.

"எங்கேடி அடிச்சேன்? படவே இல்லையே."

"பட்ட மாதிரிதான் இருந்துது."

"பட்ட மாதிரி இருந்துதாம். அப்ப நிஜமாவே படட்டும்."

"அக்கா, நீயே சொல்லு. அம்மா கை தூக்கினா உடம்பு தன்னால விழுது. நான் என்ன பண்றது?"

உள்ளறையிலிருந்து அப்பா சிரித்தார். சிரிப்பு இருமலாக மாறி வெகுநேரம் ஓயவில்லை. அம்மாவின் கரண்டி தாழ்ந்தது.

கேப்டன் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உடம்பு தன்னால விழுது.

மன்றத்தில் சேருகிறவர்களுக்கு முதல் பாடமே விழுவதுதான். தள்ளுகிறவன் தள்ளி முடிக்கும்வரை நின்றால் எலும்பு முறியும். அவன் கை எழும்போதே உடம்பு விழ ஆரம்பித்துவிட வேண்டும். யோசிக்காதே, விழு. பயிற்சிக்கூடத்துக்கு வரும் அத்தனை பேருக்கும் அதைச் சொல்லிச் சொல்லிப் பழக்கியவள் அவள்தான். அதிலும் கழியைப் பிடித்துப் பயிற்சி செய்த மாதங்களில், எட்ட நிற்கிறவன் அசைந்தாலே விழும்படி தேய்த்து மெருகேற்றியிருந்தாள். மாஸ்டர் ஒரு சுவரையும் எழுப்பவில்லை. அவள் விதைத்ததை அறுத்துக்கொண்டிருந்தார்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. வெட்கமும் வந்தது. தாழ்ப்பாள் திறந்துகொண்டது.

சனிக்கிழமை. முன்வரிசையில் முதல்வர், பக்கத்தில் புகைப்படக்காரர். மாஸ்க் கூடை நிரம்பி வழிந்தது. ஜன்னல் சாத்தும் வேலை முடிந்ததும் அவள் பாய்க்குப் போனாள்.

"மாஸ்டர், ஒரு சின்ன சந்தேகம்."

"கேளும்மா. சந்தேகம்தான் முதல் நோய்."

"கண்ணை மூடிட்டு நிக்கறவங்களையும் உங்க சுவர் தள்ளுமா?"

மாஸ்டர் கூட்டத்தைப் பார்த்து இரக்கத்தோடு சிரித்தார். "கிருமிக்குக் கண்ணு இருக்காம்மா? கண்ணில்லாத கிருமியையே தள்ளுது. கண்ணை மூடின மனுஷனைத் தள்ளாதா?"

கைதட்டல். அவளும் தட்டினாள்.

"அப்ப எல்லாரும் ஒரு தடவை பார்த்துடலாம்," என்று சொல்லிப் பையிலிருந்து ஒரு புதுக்கட்டு மாஸ்க்கை எடுத்துப் பிரித்தாள். "வாயில போட வேண்டாம்னு மாஸ்டர் சொல்லிட்டார். கண்ணுல போட்டுக்குங்க."

கூடம் சிரித்தது. நெட்டையும் இன்னும் சிலரும் வந்து வரிசையாக நின்று கண்ணை மறைத்து மாஸ்க் கட்டிக்கொண்டார்கள். எல்லோரும் மாஸ்டரின் முதல்தரச் சீடர்கள். அதனால் மாஸ்டரால் மறுக்க முடியவில்லை. வேடிக்கை என்றதும் முதல்வர் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டார்.

"சார், நீங்க யாரையாவது ஒருத்தரை விரலால காட்டுங்க. மாஸ்டர் அவரை மட்டும் தள்ளட்டும்."

முதல்வர் நெட்டையைக் காட்டினார். மாஸ்டர் அவனுக்கு நேரே நின்று கை நீட்டினார்.

"ஹூம்."

நெட்டை விழுந்தான். அவனுக்கு இந்தப் பக்கம் நின்றவன் விழுந்தான். அந்தப் பக்கம் நின்றவளும் விழுந்தாள். மாஸ்டரின் முதுகுக்குப் பின்னால், விளக்கு ஸ்விட்சுக்குப் பக்கத்தில் தானும் கண்ணைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தவனும் விழுந்தான்.

"சக்தி இன்னைக்கு அதிகமா இருக்கு," என்றார் மாஸ்டர்.

"இருக்கட்டும் மாஸ்டர். இந்தத் தடவை சத்தம் போடாம தள்ளுங்க. கிருமிக்குக் காதும் இல்லையே."

எல்லோரும் எழுந்து நின்றார்கள். மாஸ்டர் கையை நீட்டினார். இன்னும் நீட்டினார். இரண்டு கையாலும் தள்ளினார். கழுத்து நரம்பு புடைத்தது. நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. வெள்ளை உடையில் ஒரு மனிதர் கண்ணுக்குத் தெரியாத லாரியைத் தள்ளிக்கொண்டிருந்தார். லாரி நகரவில்லை.

நெட்டை மூக்கைச் சொறிந்துகொண்டான். "மாஸ்டர், ஆரம்பிச்சாச்சா?"

கூடத்தில் யாரோ களுக்கென்றார்கள். அந்த ஓசையைத் தொற்றிக்கொண்டு சிரிப்பு வரிசை வரிசையாகப் பரவியது. அதற்கு எந்தக் கயிறும் தடையாக இல்லை.

கேப்டன் பின்சுவரோரம் போனாள். அங்கிருந்து முடிந்தவரை கட்டைக்குரலில் "ஹூம்" என்றாள். வரிசை மொத்தமும் சரிந்தது.

"பாருங்க சார், எனக்கும் சக்தி வந்துடுச்சு."

முதல்வருக்குக் கை தட்டுவதா, முகத்தை மூடிக்கொள்வதா என்று தெரியவில்லை. புகைப்படக்காரர் எதையும் விடாமல் எடுத்துக்கொண்டிருந்தார்.

"அவநம்பிக்கை இருக்கற இடத்துல சுவர் எழும்பாது," என்றார் மாஸ்டர். குரலில் மௌனம் கொடுத்த பட்டையின் கம்பீரம் குறைந்திருந்தது. "நம்பினவங்களைத்தான் அது காக்கும்."

"நம்பினவங்களைத்தானே மாஸ்டர் தள்ளுது? கிருமி யாரு, உங்க பக்தனா?"

அவர் பதில் சொல்ல வாயெடுத்தார். அதற்குள், மாறி மாறி விழுந்து எழுந்து பாய்த்தூசியைச் சுவாசித்த நெட்டை, கண்ணில் மாஸ்க்கோடு, வாயைத் திறந்தபடி, மாஸ்டருக்கு நேராக ஒரு தும்மல் தும்மினான். சுவரெல்லாம் எதிரொலித்த தும்மல்.

கண்ணிமைக்கும் நேரம்தான். மாஸ்டர் பின்னால் துள்ளினார். அவர் கை உடைக்குள் போயிற்று. வெளியே வந்தபோது அதில் ஒரு மாஸ்க் இருந்தது. சாதாரணத் துணி மாஸ்க் இல்லை. மருத்துவமனையில் டாக்டர்கள் போடுவது, மூக்கோரம் கம்பி வைத்த கனத்த ரகம். தட்டுத் தடுமாறாமல், பட்டை காதில் சிக்காமல், மூக்குக்கம்பியைக்கூட அழுத்திவிட்டுப் போட்டுக்கொண்டார். நன்றாகப் பழகிய கை.

மாஸ்க் போட்டதால் முகம் தெரிந்துபோன முதல் மனிதர் அவராகத்தான் இருக்கும்.

"மாஸ்டர்," என்றான் நெட்டை, கண்ணிலிருந்ததை நெற்றிக்குத் தள்ளிக்கொண்டு. அவன் குரலில் கோபத்தைவிட வருத்தம் இருந்தது. "எங்களுக்குக் கயிறு, உங்களுக்கு மட்டும் மாஸ்க்கா?"

அவர் வாசல் பக்கம் நடந்தார். போகிற வழியில் அவர் கால் தட்டிக் கூடை கவிழ்ந்தது. எந்த மாஸ்க் யாருடையது என்று தெரியாமல் கூட்டம் விழித்தது. கேப்டன் மீதியிருந்த புது மாஸ்க்குகளை நீட்டினாள். நீட்டிய கைகள் கொஞ்சம் முண்டியடித்தன. அவள் முறைத்ததும் வரிசையாயின.

முதல்வர் அருகே வந்து குரலைத் தாழ்த்தினார். "ஆனா அன்னைக்கு நீயும் விழுந்தியேம்மா."

"விழுந்தேன் சார். எனக்கு விழ நல்லா வரும்." பிறகு ஜன்னலைக் காட்டினாள். "திறக்கலாமா?"

அவர் தானே போய் ஒரு ஜன்னலைத் திறந்தார். கொக்கி உடைந்திருந்ததால் அது திரும்பத் திரும்பச் சாத்திக்கொண்டது. கேப்டன் பைக்குள் கை விட்டாள். அப்பாவுக்காக வாங்கி, கொடுக்காமலும் எறியாமலும் வைத்திருந்த கயிறு விரலில் தட்டுப்பட்டது. அதை எடுத்து ஜன்னலைக் கம்பியோடு இழுத்துக் கட்டினாள். நின்றது. காற்று உள்ளே வந்தது. அந்தக் கயிறு உலகத்துக்குச் செய்த முதல் உபகாரம் அதுதான். அதைப் பார்த்து நெட்டையும் தன் மணிக்கட்டை அவிழ்க்க ஆரம்பித்தான். கொக்கி இல்லாத ஜன்னல்கள் அந்தக் கூடத்தில் இன்னும் இருந்தன.

அடுத்த வகுப்பில் எல்லோரும் அவரவர் சாக்பீஸ் கட்டத்தில், அவரவர் பாயில் நின்றார்கள். முதல் பாடத்தை அவள் கொஞ்சம் மாற்றியிருந்தாள்.

"யாராவது கை நீட்டினா உடனே விழாதீங்க. கை படுதான்னு முதல்ல பாருங்க."

"பட்டா?"

"பட்டா விழுங்க. படாமலே விழணும்னு தோணுச்சுன்னா, ஜன்னலைத் திறந்துட்டு யோசிங்க."

கண்ணைக் கட்டிய பிறகுதான் அந்தக் கூடத்துக்கு உண்மை தெரிந்தது. அதுவரை அத்தனை கண்களும் அகலத் திறந்துதான் இருந்தன. திறந்து வைத்துக்கொண்டு எதைப் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று, அடுத்த மாஸ்டர் வந்து ஜன்னலைச் சாத்தச் சொல்வதற்குள், யோசித்துவிடுவது நல்லது.