நாலாவது நாற்காலி

"அஞ்சு நாற்காலியா? எடுத்து உள்ள போடுங்க! இந்த வருஷம் ஒண்ணு போதும்!"

வெர்லீன் தோரப் போட்ட சத்தத்தில் வேலிக்கு அந்தப் பக்கம் நின்ற வான்கோழிகள் மொத்தமும் பதில் குரல் கொடுத்தன. ட்ரெய்லர் மேல் நின்றிருந்த அவள் கணவர் டெல் ஒட்டுத்தாடியைக் கழுத்துக்கு இறக்கிவிட்டுக்கொண்டு மூச்சு வாங்கினார்.

"வருஷா வருஷம் அஞ்சுதானே போடறோம்? யென்ஸ் தாத்தாவுக்கு அஞ்சு சம்சாரம். இருந்தது இருந்ததுதானே?"

"இருந்தது, போச்சு! நம்ம சபை அதை நிறுத்தி நூத்திமுப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இந்த ஊர்வலத்துல மட்டும்தான் உங்க தாத்தா இன்னும் குடித்தனம் நடத்திக்கிட்டிருக்காரு!"

அன்று ஜூலை இருபத்திநாலு. அமெரிக்காவின் யூட்டாவில், மார்மன் சபை முன்னோர்கள் வந்து குடியேறிய அந்த நாளுக்கு ஊருக்கு ஊர் ஊர்வலம். ஆன்ஸ்கர் என்கிற இந்த மார்மன் ஊரில் முதல் வண்டி எப்போதும் ஊரை உண்டாக்கிய யென்ஸ் தோரப்புடையது. கொள்ளுப்பேரன் டெல்தான் தாடி ஒட்டிக்கொண்டு யென்ஸ் ஆவார். முதல் மனைவியின் நாற்காலியில் வெர்லீன். இரண்டாவதில் லரூ, மூன்றாவதில் கொலீன், ஐந்தாவதில் நெட்ரா. மூவரும் அந்தந்த மனைவியின் வம்சம். அந்த இடத்தை உயிரே போனாலும் விட மாட்டார்கள். நாலாவது நாற்காலி மட்டும் காலியாகவே போகும். அது மாரென் என்பவளுடையது. அவள் ஒருநாள் காலையில் மகளைக் கையில் பிடித்துக்கொண்டு கிழக்கே போகும் ரயிலில் ஏறினாள். அப்புறம் ஒரு தகவலும் இல்லை.

அந்த நாற்காலியைத்தான் ட்வைலா இப்போது ட்ரெய்லரில் ஏறி நின்று ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். ஊர்க்காரர்களின் வம்சாவளியெல்லாம் ட்வைலாவின் விரல்நுனியில். யார் வீட்டில் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் நாலு தலைமுறைக் கணக்கை வாங்கி எழுதி வைக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது.

"வெர்லீன், ஒரு சின்ன விஷயம்..."

"இப்ப வேணாம் ட்வைலா!"

வெர்லீனின் ஆத்திரத்துக்குக் காரணம் பிட்ஸ்பர்க் நகரத்தில் இருந்தது. பெயர் ரோண்டா விக்கர்ஷாம். வெர்லீனின் கடைக்குட்டி கிம்பல் கட்டிக்கொள்ளப்போகும் பெய்ஜுக்கு அம்மா. கணவரை இழந்தவள், அவளுக்கு பெய்ஜ் ஒரே பெண். ஒரு மாதத்துக்கு முன் முதல் தடவையாகத் தொலைபேசியில் பேசினாள்.

"உங்க வீட்ல கரண்ட் இருக்கா?"

அந்த நேரம் வெர்லீன் வீட்டில் மின்சார அடுப்பு, துணி உலர்த்தி, மைக்ரோவேவ் மூன்றும் ஓடிக்கொண்டிருந்தன. "இருக்குங்களே. ஏன்?"

"இல்ல, டார்ச் லைட் எடுத்துட்டு வரணுமான்னு கேட்டேன். ஏர்போர்ட்டுக்குக் குதிரை வண்டி அனுப்புவீங்களா?"

"அது ஆமிஷ்காரங்க! கரண்ட், காரெல்லாம் வேணாம்னு இருக்கற வேற சபை!"

"அவங்க வேற, நீங்க வேறயா?"

வெர்லீன் பல்லைக் கடித்துக்கொண்டாள். ரோண்டா குரலைத் தாழ்த்தி, ரொம்ப இங்கிதமாகக் கேட்பதுபோல் அடுத்ததைக் கேட்டாள்.

"தப்பா நினைக்காதீங்க. உங்க வீட்டுக்காரருக்கு... நீங்க எத்தனாவது?"

தொலைபேசியை வைத்த பிறகு வெர்லீன் சமையலறையில் இருந்த பாத்திரம் எல்லாவற்றையும் இரண்டாவது தடவை கழுவினாள். பாத்திரம் மோதுகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. "எத்தனாவதாம்! முப்பத்தெட்டு வருஷமா இந்த மனுஷனோட காலுறையை நான் ஒருத்திதான் பொறுக்கறேன். இன்னொருத்தி இருந்தா பாதி நாள் அவ பொறுக்க மாட்டாளா?"

ஆனால் வெளியே வாயைத் திறக்க முடியவில்லை. ரோண்டா கடைசியில் சொன்னது அப்படி: "நானே நேர்ல வந்து பாக்கறேன். ஏதாவது ஒண்ணு சரியில்லன்னா, என் பொண்ணைக் கையோட கூட்டிட்டுப் போயிடுவேன்."

மூத்த பிள்ளைகள் ஐந்து பேருக்கும் சபைக் கோயிலில் கல்யாணம் செய்து பார்த்தவள் வெர்லீன். பெய்ஜ் சபையைச் சேர்ந்தவள் இல்லை. ஆகவே கிம்பலுக்கு வீட்டுத் தோட்டத்தில்தான் கல்யாணம். அந்த வருத்தத்தை மூன்று மாதம் அழுது விழுங்கியாகிவிட்டது. இப்போது தோட்டத்துக் கல்யாணமும் இல்லை என்றால் கிம்பல் முகத்தில் எப்படி முழிப்பது? பெய்ஜ் என்றால் அவனுக்கு உயிர். வெர்லீனுக்கும்தான். அந்தப் பெண் பதினைந்து நாளாக லரூ வீட்டில் தங்கிக்கொண்டு, காலையில் வான்கோழிகளுக்குத் தீனி போட ஓடி வருகிறது.

ஆகவே வெர்லீன் திட்டம் போட்டாள். ரோண்டாவை இருபத்தைந்தாம் தேதி வரச் சொன்னாள். ஊர்வலம் முடிந்து, நீளப் பாவாடைகளும் துணித்தொப்பிகளும் பெட்டிக்குள் போன மறுநாள்.

அடுத்தது கோதுமை. கஷ்ட காலத்துக்கென்று ஒவ்வொரு வீட்டிலும் சேமித்து வைப்பதுதான். வெர்லீன் வீட்டில் விருந்தினர் கட்டிலின் கீழேயே முப்பத்திநாலு வாளி.

"இதை அவ பாத்தா, உலகம் அழியறதுக்குத் தேதி குறிச்சு வச்சிருக்கோம்னு சொல்லுவா. எங்கயாவது ஒளிச்சு வைங்க!"

"எங்க ஒளிக்கறது? கொட்டகை பூரா வான்கோழி" என்றார் டெல். கடைசியில் கிம்பலும் அவருமாக எல்லா வாளியையும் ஊர்வல ட்ரெய்லரில் ஏற்றி, மேலே பலகை போட்டு, அதற்கு மேல் மெத்தை விரிப்பைப் போர்த்தினார்கள். யென்ஸ் தாத்தாவின் சிம்மாசனம் ஒரு அடி உயர்ந்தது.

அடுத்தது காபி. சபையில் அது விலக்கு. சம்பந்தி காலையில் காபி கேட்டால்? ஐம்பத்தொன்பது வயதில் வெர்லீன் முதல் தடவையாகக் காபிப்பொடி வாங்கப்போனாள். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பொட்டலத்தைக் காகிதத் துண்டுச் சுருள்களுக்கு அடியில் மறைத்துத்தான் கொண்டுபோனாள். ஆனால் கல்லாவில் நின்றது லரூவின் அண்ணன் மகள். வெர்லீன் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்து சேர்ந்துவிட்டது.

சாயங்காலத்துக்குள் மூன்று தட்டு வந்தது. மேலே கார்ன்ஃப்ளேக்ஸ் தூவிச் சுட்ட உருளைக்கிழங்கு. ஆன்ஸ்கரில் இது சாவு வீட்டுக்குத்தான் போகும்.

"மனசுல என்ன குழப்பமா இருந்தாலும் எங்கிட்ட சொல்லுடி" என்று நெட்ரா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு குழப்பமும் இல்ல! அது விருந்தாளிக்கு!"

"சபையை விட்டுப் போறவங்க எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க" என்று நெட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அதே சாயங்காலம் ட்வைலா ஒரு காகிதக் கோப்போடு வாசலில் வந்து நின்றாள். "வெர்லீன், பெய்ஜ்கிட்ட நாலு தலைமுறை கேட்டு வாங்கினேன்ல..."

"நீ போய் அவகிட்ட கேட்டியா? செத்தவங்க பேரெல்லாம் தோண்டி எடுக்கறாங்கன்னு அவ அம்மா அதையும் சேர்த்துச் சொல்லட்டும்! போ ட்வைலா, கல்யாணம் முடியட்டும்!"

கடைசியாக மிச்சம் இருந்தது நாற்காலி. ஊர்வலப் படத்தை மத்தியானமே ஊர் இணையதளத்தில் போட்டுவிடுவார்கள். ரோண்டா அதைத் தினமும் துழாவுகிறாளாம், பெய்ஜ்தான் சிரித்துக்கொண்டே சொன்னாள். ஒரு தாடிக்காரர், சுற்றிலும் அஞ்சு நாற்காலி! அதனால்தான் காலையிலேயே இந்தச் சத்தம்.

நீளப் பாவாடையும் துணித்தொப்பியுமாக வந்து நின்ற மூன்று பெண்களுக்கும் வெர்லீன் முடிவைச் சொன்னாள்.

"இந்த வருஷம் வண்டியில ஒரே மனைவிதான். நீங்க மூணு பேரும் பின்னாடி நடந்து வாங்க. யாராவது கேட்டா, பக்கத்து வீட்டுக்காரங்கன்னு சொல்லிக்கலாம்."

லரூ தொப்பி நாடாவை அவிழ்த்தாள். சண்டைக்குத் தயார் என்று அர்த்தம்.

"அந்த ஒரே மனைவி யாரு? நீயா?"

"முதல் மனைவி நாற்காலிதானே..."

"அடேங்கப்பா! எங்க கொள்ளுப்பாட்டி பனியில கைவண்டி இழுத்துக்கிட்டு ஆயிரம் மைல் நடந்து வந்தவ. ஒம்போது பிள்ளை பெத்து நாலைப் பொதைச்சவ. அவளைப் பக்கத்து வீட்டுக்காரி ஆக்கிட்டியா? எவளோ பிட்ஸ்பர்க்காரி மூக்கைச் சுளிப்பான்னு?"

வெர்லீனுக்குச் சுருக்கென்றது. ஆனால் வாய் நிற்குமா? "உங்களுக்கென்ன, கல்யாணம் நிக்கறது என் பையனுக்கு!"

"ஏறுங்கடி" என்றாள் லரூ. மூன்று பேரும் ட்ரெய்லரில் ஏறி நாற்காலிகளை இறுகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். வெர்லீன் பின்னாலேயே ஏறி, கையில் கிடைத்த நாற்காலியைப் பிடித்து இழுத்தாள். இது எங்கே போய் முடியுமோ என்று பயந்து, கிம்பல் டிராக்டரைக் கிளப்பினான்.

வண்டி வாசலைத் தாண்டி ரோட்டில் ஏறியது. ஆறு பேர், அஞ்சு நாற்காலி, முப்பத்திநாலு வாளி கோதுமை. டயர் எவ்வளவுதான் தாங்கும்? டமார் என்று வெடித்து, ட்ரெய்லர் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. பலகை நழுவி, வாளிகள் உருண்டு, மூடி திறந்து, கோதுமை ரோடெல்லாம் கொட்டியது. பெய்ஜ் காலையில் தீனி போட்டுவிட்டுத் தாழ் போட மறந்த வேலிக்கதவு வழியாக நாற்பது வான்கோழிகள் ஓடி வந்தன.

"எல்லாம் உன்னாலதான்! நான்தான் ரெண்டாவது, எனக்கில்லாத உரிமையா?" என்று லரூ கத்தினாள்.

"ரெண்டாவது மூணாவதெல்லாம் சும்மா! கடைசியா கட்டினவ மேலதான் அவருக்கு ஆசை ஜாஸ்தி. ஊருக்கே தெரியும்!" என்றாள் நெட்ரா.

"டெல், நீங்களே சொல்லுங்க, யாரு உங்க பக்கத்துல உக்காரணும்?" என்று கொலீன் அவர் கையைப் பிடித்தாள்.

டெல் தாடியைத் தடவிக்கொண்டு, "எல்லாருமே உக்காருங்களேன்" என்றார், பாவம்.

பின்னால் ஒரு கார்க் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

வாடகைக் காரிலிருந்து இறங்கி நின்றிருந்தாள் ரோண்டா. ஒரு கையில் பெட்டி. இன்னொரு கையில் பெரிய டார்ச் லைட்.

"நாளைக்குத்தானே..." என்று வெர்லீனுக்கு வாய் குழறியது.

"சொன்ன தேதிக்கு வந்தா எல்லாத்தையும் ஒளிச்சு வச்சிருவீங்கன்னுதான் முந்தி வந்தேன்" என்றாள் ரோண்டா. அவள் பார்வை தாடியிலிருந்து நாற்காலிகளுக்கும், நாற்காலிகளிலிருந்து கோதுமைக்கும் போய், ஒரு வான்கோழியில் வந்து நின்றது. "பெய்ஜ்! பெட்டியை எடு. கிளம்பு."

சத்தம் கேட்டு லரூ வீட்டு வாசலுக்கு வந்திருந்த பெய்ஜ் முகம் வெளுத்துப்போனாள். கிம்பல் டிராக்டரிலிருந்து குதித்தான். அவன் முகத்தைப் பார்த்ததும் வெர்லீனுக்குள் ஒரு மாதமாக அடைத்து வைத்திருந்தது உடைந்தது.

"நில்லுங்க! உங்களுக்குப் பயந்து நான் என்னவெல்லாம் பண்ணினேன் தெரியுமா? என் வீட்டு கோதுமையை ஒளிச்சேன். வாழ்க்கையில தொடாத காபியை வாங்கி, ஊர் பூரா எனக்குத் துக்கம் விசாரிக்க வச்சேன். பனியில நடந்து வந்து இந்த ஊரை உண்டாக்கின பொம்பளைங்களை வண்டியிலேருந்து இறக்கப் பாத்தேன். எதுக்கு? நீங்க எங்கயோ எதையோ கேட்டுட்டு வந்ததுக்கு! எங்க வீட்ல கரண்ட் இருக்கு. கார் இருக்கு. என் புருஷனுக்கு நான் ஒருத்திதான், என் ஒருத்தியையே அவரால சமாளிக்க முடியல. இவங்க அவர் சம்சாரம் இல்ல, செத்துப்போன தாத்தாவோட சம்சாரங்களோட கொள்ளுப்பேத்திங்க. என் பையன் ரெண்டு வருஷம் வெளிநாட்ல வீடு வீடா நம்பிக்கையைச் சொல்லிட்டுப் போனான். நாயை ஏவி விட்டாங்க, சிரிச்சாங்க. ஒருத்தராவது உள்ள கூப்பிட்டு, 'நீ யாரு தம்பி'ன்னு கேட்டாங்களா? நீங்களும் கேக்கல. எத்தனாவதுன்னுதான் கேட்டீங்க!"

லரூ மெதுவாக, "இப்பதான்டி சரியா பேசற" என்றாள்.

ரோண்டா அசரவில்லை. "தாத்தாவோ பேரனோ, இந்த ரத்தம் எங்க குடும்பத்துல கலக்க வேணாம். எங்க வம்சத்துல ஒருத்தனுக்கு ஒருத்திதான். எங்க கொள்ளுப்பாட்டி டென்மார்க்லேருந்து வந்தவ. புருஷன் கப்பல்லயே செத்துட்டான். பொண்ணைக் கையில பிடிச்சுக்கிட்டு பிட்ஸ்பர்க் ஸ்டேஷன்ல இறங்கினா. சாகற வரைக்கும் இன்னொருத்தன் முகத்தைப் பாக்கல. அது குடும்பம்!"

இதோடு முடிந்தது என்றுதான் ரோட்டில் நின்ற எல்லாரும் நினைத்தார்கள். ஆனால் கல்யாணம் செப்டம்பரில், அதே தோட்டத்தில், நன்றாகவே நடந்தது. கிம்பலும் பெய்ஜும் ஐடஹோவுக்குக் குடிபோனார்கள். ரோண்டா பிட்ஸ்பர்க் வீட்டை விற்றுவிட்டு, நீங்கள் நம்ப மாட்டீர்கள், ஆன்ஸ்கரிலேயே லரூவுக்கு எதிர்வீட்டுக்கு வந்துவிட்டாள். சபையில் சேரவில்லை. தினமும் காலையில் வாசலில் உட்கார்ந்து பகிரங்கமாகக் காபி குடிக்கிறாள்; ஒருத்தரும் உருளைக்கிழங்கு எடுத்துக்கொண்டு ஓடுவதில்லை. வெர்லீனோடு வாரத்துக்கு மூன்று சண்டை. ஆனால் வெளியூர்க்காரர் யாராவது மார்மன் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை ஏளனமாகப் பேசினால், முதலில் எழுந்து சண்டைக்குப் போவது ரோண்டாதான்.

இத்தனைக்கும் காரணம் அன்று ட்வைலா செய்ததுதான். சாய்ந்த ட்ரெய்லரில் அவள் ஒருத்தி மட்டும் நாலாவது நாற்காலியை விழாமல் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ரோண்டா பேசி முடித்ததும் அதைக் கீழே இறக்கி, கோதுமை மணிகளைத் தட்டிவிட்டு, நடுரோட்டில் அவள் முன்னால் போட்டாள். அக்குளில் இருந்த காகிதக் கோப்பை எடுத்தாள்.

"பத்து நாளா இதைத்தான் சொல்ல வரேன், எவ கேக்கறா? வெர்லீன், இவங்க உனக்கு சம்பந்தி மட்டுமில்ல, நாத்தனாரும்கூட. உக்காருங்கம்மா ரோண்டா, உங்க கொள்ளுப்பாட்டி மாரென் எழுந்து போன இடம்தான், நூத்திமுப்பத்தஞ்சு வருஷமா உங்களுக்காகத் துடைச்சு வச்சிருக்கோம்."