இடது பழசு, வலது புதுசு

"மாறாது பாவா. இடது பக்கம் பழசு, வலது பக்கம் புதுசு. ஃபில்டர் போட்டா வலது மட்டும்தான் மாறும்."

"ரெண்டும் மாறுதுடா! பழசும் வெளுக்குது, புதுசும் வெளுக்குது. நான் எத எதோட ஒப்பிட்டுப் பாக்கறது?"

போனை இடது கையிலும் மவுஸை வலது கையிலும் பிடித்துக்கொண்டு கஜபதி கத்தினார். மறுமுனையில் இருந்தவன் அவர் மச்சான் நவீன்குமார். அரக்கோணத்தில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். முந்தின நாள்தான் வந்து, ஸ்டுடியோ கம்ப்யூட்டரில் படம் திருத்தும் சாஃப்ட்வேரின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டுப் போனான். "இனிமே ஃபில்டர் போட்டா, முன்னாடி எப்படி, பின்னாடி எப்படின்னு பக்கத்துல பக்கத்துல காட்டும்" என்று பெருமையாகச் சொல்லியிருந்தான்.

திருத்தணி மலையடிவாரத்தில் ஸ்டுடியோ வைத்திருப்பவருக்கு மொட்டைத் தலைகள்தான் சோறு போடுகின்றன. அன்றைக்கு வந்ததும் மொட்டைதான். ஆர்.கே.பேட்டைப் பக்கத்து விவசாயி தேசப்பன் வாட்ஸப்பில் ஒரு படம் அனுப்பி, கூடவே பேசியும் அனுப்பியிருந்தார். "அண்ணா, மொட்டை போட்டோ அனுப்பிகீறேன். மூஞ்சி இருட்டா கீது. வெளிச்சம் பண்ணி பெரிய பிரேம் போட்டு வைங்க. சாயங்காலம் வந்து வாங்கிக்கிறோம். நாளைக்கு வீட்ல விருந்து."

கஜபதி படத்தை நேரே கம்ப்யூட்டரில் இறக்கித் திறந்தார். இடது பக்கம் ஒரு குழந்தையின் மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சள் சட்டை. நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு. வலது பக்கம் மொட்டைத் தலை, சந்தனம், மஞ்சள் சட்டை. நவீன்குமார் சொன்னபடியேதான் இருந்தது. ஃபில்டரைப் போட்டபோதுதான் ரெண்டு பக்கமும் சேர்ந்து வெளுத்தது.

டீ கொண்டுவந்த மனைவி பாஞ்சாலி திரையை எட்டிப் பார்த்தாள்.

"இந்தப் பக்கம் தூங்கி வழியுது. அந்தப் பக்கம் நல்லா முழிச்சிகினு கீதே?"

"அது ஏ.ஐ. வேலைடி. புதுசுல கண்ணையெல்லாம் அதுவே தொறந்து வுட்டுடும்."

"அப்ப ஃபில்டரு வேலை செய்யுதுல்ல?"

"செய்யலன்னுதானே காலையிலேர்ந்து கத்திகினு இருக்கறேன்!"

அவள் டீயை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

"பாவா, பிரிவியூன்னு ஒரு டிக் இருக்கும் பாருங்க. அத எடுங்க" என்றான் நவீன்குமார்.

எடுத்தார். ரெண்டு முகமும் ஒன்றாக இருட்டின. கோடு போகவில்லை. மறுபடி போட்டார். ரெண்டும் ஒன்றாக வெளுத்தன.

"சரி, செட்டிங்ஸ் எல்லாத்தையும் பழைய நெலைமைக்குக் கொண்டு போயிடலாம்" என்று சொல்லி, எந்தெந்தப் பட்டனைச் சேர்த்து அழுத்த வேண்டும் என்று அவன் சொல்லிக்கொடுத்தான். கஜபதி அழுத்தினார். சாஃப்ட்வேர் பிறந்த குழந்தை போலத் திறந்தது. அவர் வருஷக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்த பூ பார்டர்கள், இதய வடிவங்கள், மயில் தோகை பின்னணிகள் ஒன்றும் இல்லை. மொட்டைக் குழந்தை மட்டும் இடதிலும் வலதிலும் அப்படியே உட்கார்ந்திருந்தது.

"டேய், என் மயிலெல்லாம் போச்சுடா."

"மயில வுடுங்க. வேற ஏதாச்சும் போட்டோவ தொறந்து பாருங்க."

கஜபதி தன்னுடைய பாஸ்போர்ட் படத்தைத் திறந்தார். ஒரே ஒரு கஜபதிதான் தெரிந்தார். ஃபில்டர் போட்டதும் வெளுத்தார், எடுத்ததும் கறுத்தார். கோடு கிடையாது.

இதைக் கேட்டதும் நவீன்குமாரின் குரல் தாழ்ந்தது.

"பாவா, அது வைரஸு."

"என்னாடா சொல்ற?"

"அந்த ஃபைல்லதான் கீது. வாட்ஸப்ல வந்ததுதானே? எதையும் தொடாதீங்க. நான் ரயில் புடிச்சி வரேன்."

வந்தான். குழந்தையைப் பார்த்தான். கோட்டைப் பார்த்தான். ஃபில்டரைப் போட்டு எடுத்து, போட்டு எடுத்து, டாக்டர் மாதிரி உதட்டைப் பிதுக்கினான்.

"முழுசா பரவிடுச்சி. ஃபார்மட் பண்ணாதான் உண்டு. முக்கியமானதெல்லாம் எங்க வெச்சிருக்கீங்க?"

"டி டிரைவ்ல."

"அப்ப கவலைய வுடுங்க. நான் சி-ய மட்டும்தான் தொடைக்கப் போறேன்."

தேசப்பனின் படத்தை மட்டும் பென் டிரைவில் தனியாக எடுத்து வைத்துவிட்டு வேலையை ஆரம்பித்தான். திரை கறுத்தது, நீலமானது, மறுபடி கறுத்தது. கஜபதி சுவரில் இருந்த முருகன் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெகுநேரம் கழித்து நவீன்குமார் தலையைச் சொறிந்தான்.

"பாவா... டி-ல என்னா வெச்சிருந்தீங்க?"

அந்த 'வெச்சிருந்தீங்க'வைக் கேட்டதும் கஜபதி முருகன் படத்திலிருந்து கண்ணை எடுத்தார்.

டி டிரைவில் எண்ணெய்க் கடை பங்காருவின் மகள் கல்யாணம் இருந்தது. ஆல்பம் இன்னும் போடவில்லை. கேமரா கார்டையும் அழித்து அடுத்த விசேஷத்துக்குப் பயன்படுத்தியாகிவிட்டது. பங்காரு சாதாரணமாகப் பேசினாலே தெருமுனை வரை கேட்கும். மாப்பிள்ளையோ துபாய்க்குப் போய்விட்டார். மறுபடி தாலி கட்டச் சொல்ல முடியாது.

கஜபதி நாற்காலியில் சரிந்தார். "நைனா வெச்சிட்டுப் போன கடைடா. இன்னியோட மூடிடலாம்."

"அழுவாதீங்க பாவா. வைரஸாவது போச்சுல்ல?"

புதிதாக எல்லாவற்றையும் ஏற்றி, பென் டிரைவைச் செருகி, தேசப்பனின் படத்தைத் திறந்தார்கள்.

இடது பக்கம் மொட்டை. நடுவில் கோடு. வலது பக்கம் மொட்டை.

கஜபதி மெதுவாகப் போனை எடுத்து, வாட்ஸப்பில் வந்த படத்தையே முதல்முறையாகப் பெரிதாக்கிப் பார்த்தார். அங்கேயும் ரெண்டு.

"போனுக்கும் வந்துடுச்சிடா!"

நவீன்குமார் போனைப் பிடுங்கி, யோசிக்காமல் அதையும் மொத்தமாக அழித்தான். கடை நம்பர்கள், ஆர்டர்கள், தேசப்பனின் நம்பர் எல்லாம் போயின. இனி வேறு படம் அனுப்பச் சொல்லவும் வழியில்லை.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. கஜபதி கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தள்ளுடா. வைரஸ் இருந்தா இருந்துட்டுப் போவட்டும். நான் கத்தரிக்கோல் போடறேன்."

கோட்டின் மேலேயே வெட்டினார். பழசு என்று இடது பக்கத்தைத் தூக்கி எறிந்தார். கண் விழித்திருந்த வலது பக்கத்தை மட்டும் வைத்து ஃபில்டரைப் போட்டார். முகம் பளிச்சென்று மலர்ந்தது. சந்தனம் பொன்னாக மின்னியது. அன்றைக்குக் காலையிலிருந்து முதன்முறையாகக் கம்ப்யூட்டர் அவர் சொன்னதைக் கேட்டது.

"இத மொதல்லயே செஞ்சிருக்கலாம் பாவா" என்றான் நவீன்குமார்.

கஜபதி அவனைப் பார்த்த பார்வையில் அவன் டீ குடிக்கக் கிளம்பிவிட்டான்.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு, பிரேமில் பொருத்தி, கண்ணாடியைத் துடைத்துக் கடை வாசலிலேயே மாட்டினார். கல்யாணம் போனது, மயில்கள் போயின, போன் போனது. ஆனாலும் ஒப்புக்கொண்ட வேலையை முடித்துவிட்டோம் என்று நினைத்தபோது நெஞ்சில் துளி ஈரம் வந்தது.

பொழுது சாயும்போது தேசப்பன் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். படத்தைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு.

"அடேங்கப்பா! சூப்பரா கீதுண்ணா. அப்டியே ராஜா மாதிரி கீறான்."

"ரொம்ப சிரமப்பட்டுதாங்க செஞ்சேன்" என்றார் கஜபதி.

பின்னாலேயே படியேறி வந்த தேசப்பன் மனைவி புவனா, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பிரேமை உற்றுப் பார்த்தாள். இடுப்பிலிருந்த குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு கேட்டாள்:

"ஏண்ணா, ரெட்டைப் புள்ளைங்க ரெண்டு பேரையும் ஒட்டித்தானே அனுப்பனோம், பெரியவன மட்டும் மாட்டி வெச்சிகீறீங்க, சின்னவன எங்க?"